குரோருட்டில் கியூபெக் வென்ற நாள்

நாளை மகள் முதன்முறையாக வகுப்பில் பேசப் போகிறாள். அவளுடைய தாள் பைக்குள் இருக்கிறதா என்று மூன்று தரம் பார்த்துவிட்டேன். நான்காம் தரம் பார்த்தபோதுதான், ஆறாம் வகுப்பில் நான் கியூபெக்குக்கு விடுதலை வாங்கிக்கொடுத்தது நினைவுக்கு வந்தது.

அதற்கு முந்தைய தடவை எரிமலைகளைப் பற்றிப் பேசப் போய், பாதியில் குரல் அடைத்து உட்கார்ந்திருந்தேன். இம்முறையும் அப்படியானால் இனி வகுப்பில் வாயே திறப்பதில்லை என்று முடிவு செய்திருந்தேன்.

எங்கள் நாட்டுப் போருக்குத் தப்பி அப்பா நோர்வேயில் ஒஸ்லோவின் குரோருட் பகுதிக்கு வந்தார். சித்தப்பா கியூபெக்கில் இருக்கும் மொன்றியலுக்குப் போனார். சித்தப்பாதான் தொலைபேசியில் என் பேச்சுக்குக் கதை தந்தார். பிரித்தானியரிடம் தோற்ற பிரெஞ்சுக்காரரின் பிள்ளைகள் கனடாவின் கியூபெக் மாகாணத்தில் தங்கள் மொழியை விடாமல் காத்தது, தனிநாடு கேட்டுக் கட்சி கட்டியது, வாக்கெடுப்பில் இரண்டு தரம் தோற்றது. இரண்டாம் தரம் நூலிழையில்.

"தோத்தாலும் விடாத சனம், பிள்ளை" என்றார். தபாலில் கியூபெக்கின் நீலக் கொடி ஒன்றும் அனுப்பினார்.

ஒவ்வொரு மாலையும் அப்பாவின் முன் நின்று பேசிப் பழகினேன். அவர் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்.

"வாக்கு எண்ணி முடிஞ்ச பிறகு என்ன நடந்தது?"

"எல்லாரும் வீட்டை போயிட்டினம், அப்பா."

"அடிபாடு, வீடு எரிப்பு ஒண்டும் நடக்கேல்லையோ?"

என் பேச்சில்தான் குறை என்று நினைத்து இன்னொரு பத்தி சேர்த்தேன்.

பேச்சு நாளன்று தாளோடு எழுந்தேன். பாதியைத் தாண்டிய பிறகு முன்வரிசையில் ஒருத்தி கையை உயர்த்தி, நோர்வே சுவீடனை விட்டுப் பிரிந்த மாதிரியா என்று கேட்டாள். தாளில் இல்லாத கேள்வி. "ஓம், ஆனால் நோர்வே வென்றது. நீங்கள் கியூபெக்கில் இருந்தால் வாக்கை எப்படிப் போடுவீர்கள்?" என்று என் வாய் தானாகக் கேட்டது. ஆசிரியை வெறும் ஐஸ்கிரீம் பெட்டியொன்றைத் தேடி எடுத்தார். ஆளுக்கொரு துண்டுத் தாள். வேண்டும் பதினான்கு, வேண்டாம் பன்னிரண்டு! மேசைகள் அதிர்ந்தன. கொடியைத் தலைக்கு மேல் தூக்கி, குரல் அடைக்காமல் முடிவை அறிவித்தேன்.

மாலையில் அப்பாவே மொன்றியலுக்குத் தொலைபேசி எடுத்தார். "டேய் தம்பி, இஞ்சை குரோருட்டிலை கியூபெக் விடுதலையடைஞ்சிட்டுது!"

ஒலிபெருக்கியில் சித்தப்பா விழுந்து விழுந்து சிரித்தார். "ஐயோ அண்ணை, நான் வேண்டாமெண்டெல்லோ போட்டனான்!"

"அது அங்கை ஆருக்கும் தெரியுமோ?"

"பக்கத்து வீட்டுக்காரனுக்கே தெரியும். அவன் வேணுமெண்டு போட்டவன். அடுத்த நாள் ரெண்டு பேரும் ஒரே பஸ்ஸிலைதான் வேலைக்குப் போனனாங்கள்."

அப்பா சிரிப்பதை நிறுத்தினார். "ஒரே பஸ்ஸிலையோ? திரும்பச் சொல்லு."

நான் கொடியைப் போர்த்திக்கொண்டு வீடு முழுக்க ஓடினேன். இவ்வளவு பெரிய வெற்றி நடந்த நாளில், அப்பா ஏன் ஒரு பஸ்ஸைப் பற்றியே கேட்டுக்கொண்டிருக்கிறார் என்று எனக்கு விளங்கவேயில்லை.