குடைக்குப் பின்னால் ஒரு வெள்ளிக்கிழமை

கரமனை அக்ரகாரத்தில் ராமசுப்ரமணியனைப்போல் பயந்த மனிதர் இல்லை. குக்கர் விசில் அடிக்கப்போகிறது என்றால் வாசலுக்குப் போய்விடுவார். பொக்ரானில் குண்டு வெடித்த மே மாதம் அவருக்குத் தூக்கம் போயிற்று. ‘அணு ஆயுதம் வேண்டாம்’ என்ற அட்டையுடன் தலைமைச் செயலக வாசலில் நின்ற நாற்பது பேரோடு போய் நின்றார். கூட்டத்தில் நின்றால் பயம் குறையும் என்று எண்ணம். வெள்ளிதோறும் ஐந்திலிருந்து ஆறு வரை. நாற்பது பேர் நாலாகி, இப்போது அவர் மட்டும். இருபத்தேழு வருடமாயிற்று, பயம் குறைந்தபாடில்லை.

இந்த வருடம் மகள் ஜானவிக்கு மத்திய அரசு ஆராய்ச்சிக்கூடம் ஒன்றில் வேலை கிடைத்தது. போலீஸ் விசாரணை முடிந்தால்தான் உத்தரவு.

“அப்பா, ஒரு மாசம் போகாதேங்கோ. அதுக்குள்ள குண்டு ஒண்ணும் விழாது.”

“விழாதுன்னு உனக்கு யார் சொன்னா?”

“விழுந்தா வேலையே வேண்டாம். விழலேன்னா வேணும். கேட்டேளா?”

சரி என்று தலையை ஆட்டினார். ஆனால் வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு ஒரு நினைப்பு வந்தது. தான் போகாத அன்றுதான் குண்டு விழும். அணுகுண்டு வருகைப் பதிவேடு பார்ப்பதில்லை என்பது பட்டதாரியான அவருக்குத் தெரியாததல்ல. இருந்தும் பஸ் ஏறினார்.

அடையாளம் தெரியாதபடி முகத்துக்கு நேரே கறுப்புக் குடையைச் சாய்த்துக்கொண்டு நின்றார். மழை இல்லை, வெயிலும் இறங்கிவிட்டது. இருபத்தேழு வருடமாக யாரும் திரும்பிப் பார்க்காத மனிதரை அன்று தெருவே பார்த்தது.

குறிப்பெடுக்க வரும் பழைய போலீஸ்காரர் ‘ஒருவர், அமைதி’ என்று எழுதிவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார். அவர் ஓய்வுபெற்றுவிட, ஷெமி என்ற இளம் போலீஸ்காரி வந்திருந்தாள்.

“குடைக்குள்ள ஆரு?” என்றாள் மலையாளம் கலந்த தமிழில்.

“யாருமில்லை.”

“பின்னே அட்டையைப் பிடிச்சிருக்கிறது ஆரு?” பக்கவாட்டில் எட்டி, நெற்றி விபூதியைப் பார்த்தாள். “சாமி, பேரு சொல்லணும். இல்லேன்னா ‘முகம் மறைச்ச ஆளு, அடையாளம் தெரியல்ல’ன்னு எழுதுவேன். அன்வேஷணத்துக்கு, அதான் விசாரணைக்கு, ஆளு வரும்.”

தன் பெயருக்குப் பதில் மைத்துனர் கல்யாணராமனின் பெயர் நாக்கு நுனிவரை வந்தது. ரத்த அழுத்தக்காரர், பாவம். விழுங்கிவிட்டார். குடை மூன்றாம் முயற்சியில்தான் மடங்கியது.

“ராமசுப்ரமணியன். கரமனை.” கேட்காமலே வீட்டு எண்ணையும் சொன்னார்.

“வீட்டில வேற ஆரு உண்டு?”

இதை அவர் எதிர்பார்க்கவில்லை.

“மகள். ஜானவி. அவளுக்கு இதுல சம்மதம் கிடையாது. அதையும் எழுதிக்கோங்கோ.”

“அதுக்கு இதில கட்டம் இல்ல, சாமி.”

“ஓரத்துல எழுதுங்கோ.”

ஷெமி ஓரத்தில் ஏதோ எழுதினாள். எட்டிப்பார்க்கப் பயமாக இருந்தது. வீட்டுக்குப் போய் ஜானவியிடம் சொல்வதை நினைத்தால் அதைவிடப் பயம். ஆறு மணிக்கு இன்னும் இருபது நிமிடம் இருந்தது. நின்றார்.