மாலை வந்து இறங்கிய காலை

கிள்ளானில் எங்கள் வீட்டு கம்ப்யூட்டர் தானாகவே பூ வாங்கும். பொய்யில்லை. கணவர் தவறிப்போனதிலிருந்து எதுவும் மனதில் ஏறுவதில்லை. சாப்பாட்டில் உப்பு இருக்கிறதா என்றுகூடத் தெரிவதில்லை. அந்தக் கம்ப்யூட்டரை மட்டும் மகளுக்குப் பின்னால் நாற்காலி போட்டுப் பார்ப்பேன். எழுத்து தெரியாத எனக்கு அது படம் பார்ப்பது போல. யாரும் தொடாமலே பக்கம் திறக்கும், ஐம்பது மல்லிகை மாலை கூடைக்குள் போகும், ஆர்டர் ஆகும், உடனே கேன்சலும் ஆகும்.

பிரிக்பீல்ட்ஸில் ஒரு பூக்கடையின் வெப்சைட். அது ஒழுங்காக ஓடுகிறதா என்று சோதிப்பது மகளின் வேலை; அவள் எழுதிவைத்த ஸ்கிரிப்ட்தான் தானாக வாங்கிப் பார்க்கும். கடைக்காரர் சம்மதத்தோடு நிஜப் பக்கத்திலேயே சோதிப்பார்கள். ஆர்டருக்கு எங்கள் வீட்டு விலாசத்தைத்தான் கொடுத்திருந்தாள். அந்தக் கடை இருக்கும் தெருவில்தான் என் கல்யாணப் புடவை எடுத்தோம், கொட்டுகிற மழையில். சரி, அது வேறு கதை.

ஷா ஆலம் ஆபீசில் அவளுடைய கான்ட்ராக்ட் முடியப்போகிற நேரம்.

"எல்லாம் ஒரே ஸ்கிரிப்ட்ல கெடக்கும்மா. லாகின்ல சிக்குனா கீழ எதுவும் ஓடாது. தனித்தனியா பிரின்னு பாஸ் சொல்லிட்டாரு. சரியா வந்தாத்தான் அடுத்த கான்ட்ராக்ட்டாம்."

"பிரிச்சிடு லா. ரசத்தையும் பாயசத்தையும் ஒரே சட்டியிலயா வைக்கிறோம்?"

"போம்மா, நீ வேற."

சிரிக்கவில்லை. அப்பா போனபின் அவளும் என்னைப் போலத்தான்.

லாகினுக்கு ஒன்று, ஆர்டருக்கு ஒன்று, கேன்சலுக்கு ஒன்று என்று பிரித்து ஓடவிட்டாள். எல்லாம் சரி என்று பச்சை காட்டியது. மூடிவைத்துவிட்டாள்.

மறுநாள் காலை கேட்டில் லோரி. "ஆன்டி, மாலை!" என்றார் டிரைவர். இறக்கினார், இறக்கினார், இறக்கிக்கொண்டே இருந்தார். எனக்கு ஒரே குஷி. "யாருக்குக் கல்யாணம் ஆன்டி?" என்றார். "கம்ப்யூட்டருக்கு" என்றேன்.

மகள் மாலைகளை எண்ணிப் பார்த்தாள். அப்புறம் போய்க் கம்ப்யூட்டரைத் திறந்தாள்.

"கேன்சல் முன்னாடி ஓடிருச்சும்மா. அப்போ கேன்சல் பண்ண ஒண்ணுமே இல்ல. அதையும் பச்சைன்னு காட்டிருச்சு. ஆர்டர் அதுக்குப் பின்னாடிதான் ஓடி, கேன்சலாகாம நின்னுருச்சு."

அவளே பாஸுக்குப் போன் போட்டு, ஒன்றையும் மறைக்காமல் சொன்னாள். ஸ்பீக்கரில் பாஸ் பேசினார்.

"கடைக்கு நான் பேசிக்கிறேன். ஒவ்வொரு ஸ்கிரிப்டும் அதோட ஆர்டரை அதுவே போட்டு, அதுவே கேன்சல் பண்ணணும். இன்னிக்கே மாத்து. நாளைக்கு ஒரு பூ வந்தாலும் கான்ட்ராக்டை மறந்துடு."

அவள் தட்டிக்கொண்டிருந்தாள். நான் கணவர் படத்துக்கு ஒரு மாலை போட்டேன், முருகனுக்கு ஒன்று, மிச்சத்தைப் பக்கத்து வீடுகளுக்குக் கொடுத்தேன். வீடெல்லாம் மல்லிகை மணந்ததாம், வந்தவர்கள் சொன்னார்கள். எனக்குத் தெரியவில்லை.

மறுநாள் விடிந்ததும் கேட் ஓரம் போய் நின்றேன். ரொட்டி விற்பவர் போனார், ஸ்கூல் பஸ் போனது. லோரி வரவில்லை. வெயில் ஏறியதும் மகளும் வந்து பக்கத்தில் நின்றாள்.

"வரல" என்றேன்.

"வராதும்மா. கான்ட்ராக்ட் வந்துருச்சு" என்றாள்.

கொஞ்சம் பூ வந்திருக்கலாம் என்றுதான் எனக்கு இருந்தது.