அருள்மேரி டீச்சரும் என் ஆடிய காலும்

பல்லாவரத்தில் கணக்கு டீச்சராக இருந்த அருள்மேரி, லாரி மோதி சக்கர நாற்காலிக்கு வந்து பன்னிரண்டு வருடமாகிறது. நான் திருமுடிவாக்கத்தில் ஷெட் கூரையிலிருந்து விழுந்து, மேல்முதுகில் தண்டுவடம் அடிபட்டு, சேலையூர் வீட்டுக்குத் திரும்பிய வாரமே என் நம்பரை எங்கேயோ பிடித்துவிட்டார். தினம் காலையில் போன்.

"எபி, கண்ணாடி வெச்சு பின்னாடி பாத்தியா? எங்கயாவது சிவந்திருக்கா? யூரின் கலங்கலா வருதா?"

எனக்குக் கோபம் தலைக்கேறும். நான் எப்போது நடப்பேன் என்று கேட்க ஆளில்லை. என் பின்புறத்தை விசாரிக்க மட்டும் ஆள் இருக்கிறது! ஒரு நாள் கத்தியேவிட்டேன்.

"கத்து, பரவால்ல. எனக்கு இதெல்லாம் யாரும் சொல்லல. உணர்ச்சியே இல்லாத எடத்துல என்ன வந்துடப் போகுதுன்னு இருந்துட்டேன். புண்ணு வந்து எட்டு மாசம் குப்புறப் படுத்திருந்தேன்."

போன மாதம் எங்கள் வீட்டில் ஜெபக் கூட்டம். டீச்சர் கத்தோலிக்கர், என் மனைவி ஜெரூஷா கூப்பிட்டதற்காக வந்திருந்தார். பாஸ்டர் என் தலையில் கை வைத்து ஜெபித்தபோது முகமெல்லாம் வியர்த்தது. கைகள் புல்லரித்தன. பிறகு, இரண்டு வருடம் அசையாமல் கிடந்த கால்கள் தடதடவென்று ஆடின.

"அல்லேலூயா!" என்று வீடே அதிர்ந்தது. ஜெரூஷா அழுதுகொண்டே என் காலைக் கட்டிக்கொண்டாள். நானும் நம்பினேன், சொல்ல வெட்கமில்லை. ஆனால் தலை வெடித்துவிடும்போல் வலித்தது. கண் மங்கியது. யாரோ என்னைப் படுக்க வைக்கத் தூக்கினார்கள்.

"படுக்க வைக்காதீங்க!" டீச்சர் போட்ட சத்தத்தில் பாட்டு நின்றது. "பிரஷர் எகிறுது. படுத்தா இன்னும் ஏறும், உக்காந்தே இருக்கட்டும். ஜெரூஷா, டியூப் எங்கயாவது மடங்கியிருக்கா பாரு, சீக்கிரம்!"

சிறுநீர் பைக்கு வடிய எனக்கு மாட்டியிருந்த குழாய் என் தொடைக்கடியில் நசுங்கிக் கிடந்தது. கூட்டத்துக்காக அவசர அவசரமாக வேட்டி மாற்றியபோது நடந்தது. சிறுநீர் அடைத்தால் நம் மாதிரி ஆளுக்கு பிரஷர் ஏறும், கால் தானாகத் துடிக்கும், உயிரே போகலாம் என்று இதையும் டீச்சர் போனில் சொல்லியிருந்தார். நான்தான் காதில் வாங்கவில்லை. ஜெரூஷா குழாயை நேராக்கியதும் பை மளமளவென்று நிறைந்தது. கொஞ்ச நேரத்தில் தலைவலி இறங்கியது. காலும் அடங்கிவிட்டது.

அடங்கிய காலைப் பார்த்து அழுதேன். அழுவதற்காவது உயிரோடு இருக்கிறேனே என்றும் அழுதேன்.

பாஸ்டருக்குத் தர்மசங்கடம். "இப்ப எதுக்குன்னு ஸ்தோத்திரம் பண்றது, டீச்சர்?"

"மூத்திரம் போச்சுன்னு பண்ணுங்க, பாஸ்டர்."

முதல் ஆமென் நான்தான் சொன்னேன்.