அரை இஞ்சு

அந்தத் தையல்காரருக்குத் தெருவே வைத்த பெயர் 'அரை இஞ்சு'. கடைக்குள் நுழைகிற ஆளை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "போன தடவைக்கு இப்ப இடுப்பு அரை இஞ்சு கூடிப்போச்சே!" என்பார். டேப் வைத்தால் அரை இஞ்சுதான் இருக்கும். அளவு நோட்டுகளைத் தேதியோடு வருஷக்கணக்காய் வைத்திருந்தார். தொழிலில் யாராவது குறை சொன்னால் மட்டும் மனுஷனுக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிடும்.

ஒருநாள் குறை சொன்னவர் சொந்தத் தங்கையின் கணவர். அதுவும் நாலு வாடிக்கையாளர்கள் முன்னால்.

"மச்சான், புதுச் சட்டையில காலர் பட்டனே போட முடியலை. தையல்ல ஏதோ தப்பு."

விடுவாரா? டேப்பை மாப்பிள்ளையின் கழுத்தில் சுற்றினார். பழைய அளவைவிட ஒரு இஞ்சு கூடுதல். இடுப்பில் மூன்று இஞ்சு குறைவு. காதுக்குக் கீழே கோலிக்குண்டு மாதிரி ஒன்று விரலில் தட்டுப்பட்டது.

"வலிக்குதா?"

"இல்லை."

"வலிக்காததுக்கு எதுக்குக் கவலை?" நோட்டை விரித்து எல்லாருக்கும் காட்டினார். "பாத்துக்குங்க! தப்பு என் தையல்ல இல்ல மாப்ளே, உங்க கழுத்துல!"

கடையே சிரித்தது. பாவம், அவரும் சிரித்தார். அன்று மாலையே தங்கை வீட்டுக்குப் போய் அதைச் சொல்லிச் சொல்லி இன்னொரு தரம் சிரித்துவிட்டு வந்தார் அண்ணன்.

அப்புறம் காலரை மூன்று தடவை தளர்த்தினார். ஒவ்வொரு தடவையும் அளவைத் தேதி போட்டு எழுதிக்கொண்டார். "ராத்திரியில வேர்த்து சட்டையே நனைஞ்சிடுது மச்சான்" என்றதற்கு, "அப்ப மெல்லிசு துணியா எடுங்க" என்றார். அடப்பாவி மனுஷா, கண் முன்னால் ஆள் கரைந்துகொண்டிருக்கிறான், துணி பார்க்கிறாயே!

எட்டு மாதம் கழித்து மூச்சுத் திணறி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போனார்கள். சோதனைகள் முடிந்ததும், எப்போதிலிருந்து வீக்கம் என்று டாக்டர் கேட்டார். தங்கை விழித்தாள். இவர் கடைக்கு ஓடி நோட்டைக் கொண்டுவந்து நீட்டினார். "எல்லாம் தேதியோட இருக்கு டாக்டர்." அங்கேயும் பெருமை!

டாக்டர் பக்கம் பக்கமாய்ப் பார்த்தார். "நிணநீர்ப் புற்று. வலியில்லாத கட்டி, எடை குறையுது, ராத்திரி வேர்வை. இந்த முதல் தேதியிலயே இங்க அனுப்பியிருந்தா அநேகமா காப்பாத்தியிருக்கலாம். இப்ப மருந்தைத் தாங்கவே உடம்புல தெம்பு இல்ல."

தங்கை நோட்டை வாங்கி, அந்த முதல் தேதியைப் பார்த்தாள். பிறகு அதை அண்ணன் கையில் திருப்பிக் கொடுத்தாள்.

"நீ சொன்னது சரிதாண்ணே. உன் தையல்ல தப்பே இல்ல."