வெர்லின் அளக்கும் வாசல்

மண்டியிட்டு, ஒரு கண்ணை இடுக்கிக்கொண்டு, அளவு நாடாவை இந்தத் தூணிலிருந்து அந்தத் தூணுக்கு இழுத்துக்கொண்டிருந்தார் வெர்லின் ஸ்டக்கி. பேண்டு போட்டி நடக்கும் மைதானத்தின் பின்வாசல் அது. அகலம் முடிந்தது, அடுத்து உயரம். சட்டைப்பையிலிருந்து சாக்பீஸை எடுத்துத் தூணில் ஒரு கோடு கிழித்தார். "தாராளமாப் போகும்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். எது போகும் என்று மட்டும் யாரும் கேட்டுவிடக்கூடாது. இந்த வருஷம் அந்த வாசல் வழியாகத் தள்ளிக்கொண்டு போக எங்களிடம் ஒரு துரும்புகூட இல்லை.

எங்கள் ஊர் மில்ஃபோர்க். இந்தியானாவின் சோளக்காடுகளுக்கு நடுவே ஒரு பள்ளிக்கூடம், அதற்கு ஒரு பேண்டு. பிள்ளைகள் வாத்தியம் வாசித்தபடியே கோடாகவும் வளைவாகவும் நடந்து புல்தரையில் ஒரு கதை சொல்லவேண்டும். கதைக்கு வேண்டிய செட்டுகளைக் கட்டி, சக்கரம் பூட்டி, உள்ளே தள்ளி நிறுத்துவது அப்பாக்களின் வேலை. அந்த அப்பாக்களுக்கெல்லாம் தலைவர் வெர்லின். பிழைப்புக்குத் தானியக் குதிர்களில் ஏணி பொருத்துகிறார். அவருடைய கடைசி மகள் பேண்டை விட்டுப் போய், கல்யாணமாகி, இப்போது அவள் பிள்ளையே பள்ளிக்கூடம் போகிறது. இவர்தான் இன்னும் போகவில்லை.

நான் இறகு செருகும் அம்மாக்களில் ஒருத்தி. மைதானத்துக்குள் நுழைகிற கடைசி நிமிஷத்தில்தான் பிள்ளைகளின் தொப்பியில் வெள்ளை இறகைச் செருகுவோம். முன்னாலேயே கொடுத்தால் பஸ்ஸிலேயே ஒருவரையொருவர் கிச்சுகிச்சு மூட்டித் தீர்த்துவிடுவார்கள்.

வெர்லினுக்கு எதுவும் சின்னதாக இருந்தால் பிடிக்காது. போட்டி நடக்கும் இடத்தில் பன்றிக்கறி வறுவல் வைத்த ரொட்டி விற்பார்கள். கறி ரொட்டிக்கு வெளியே நாலு பக்கமும் தொங்கவேண்டும் அவருக்கு. "ரொட்டிக்குள்ள அடங்குனா அது என்னம்மா கறி?" என்பார். செட்டும் அப்படித்தான். காற்றாலை கட்டினார், பாய்மரக்கப்பல் கட்டினார், பிள்ளைகள் ஏறி நின்று ஊதும்படி படிக்கட்டு வைத்த மணிக்கூண்டு கட்டினார். பேண்டு வரும் பின்னே, வெர்லினின் பலகை வரும் முன்னே என்று மற்ற ஊர்க்காரர்கள் எங்களைக் கேலி செய்வார்கள். அவர் அதைப் பாராட்டாக எடுத்துக்கொள்வார்.

யானைக்கும் அடி சறுக்கும் அல்லவா? ஒரு வருஷம் கலங்கரை விளக்கம் கட்டினார். வாசலை அளந்தார், விளக்கை அளந்தார், அடியில் பூட்டிய சக்கரங்களை அளக்க மறந்துவிட்டார். போட்டியன்று விளக்கு வாசலில் மாட்டிக்கொண்டு போகவும் மாட்டேன், வரவும் மாட்டேன் என்று நின்றது. கேலரி முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்க, யாரிடமோ ரம்பம் வாங்கி, தான் கோடை முழுக்க உட்கார்ந்து செய்த விளக்கின் தலையைத் தன் கையாலேயே அறுத்தெறிந்தார். அன்று எங்கள் பிள்ளைகள் முண்டமான கலங்கரை விளக்கத்தைச் சுற்றி வாசித்தார்கள். நாடாவும் ரம்பமும் அன்றிலிருந்து அவர் வண்டியை விட்டு இறங்கியதில்லை. அவர் மனைவி டார்லாவைக் கேட்டால், "எங்க வீட்டுக்குப் புதுசா சோபா வந்தா முதல்ல ரம்பத்தத்தான் ஒளிச்சு வைப்பேன்" என்கிறார்.

அவரை வெறும் ஆடம்பரக்காரர் என்று நினைத்துவிடக்கூடாது. அவருடைய செட்டுகளின் பின்பக்கத்தைப் பார்த்தவர்களுக்குத்தான் அவரைத் தெரியும். பலகையின் முதுகில் வரிசையாகக் கொக்கிகள், கொக்கிக்கு ஒரு தண்ணீர் பாட்டில், பாட்டிலுக்கு ஒரு பெயர். ஆட்டத்துக்கு நடுவே பலகைக்குப் பின்னால் வரும் பிள்ளை ஒரு மடக்குக் குடித்துவிட்டுப் போகலாம். முன்னால் இருப்பவர்களுக்குத் தெரியாது. குட்டையான பிள்ளைகளைத் தேடிப்பிடித்துப் படிக்கட்டின் உச்சியில் நிற்கவைப்பதும் அவர் வேலைதான். இந்த மனிதரை எனக்கு ரொம்பப் பிடிக்கும். அதைச் சொல்லிவிட்டே மேலே போகிறேன்.

வினை போன வருஷம் மணிக்கூண்டில் வந்தது. நடுவர்கள் ஆட்டத்தைப் பார்த்தபடியே பேசிப் பதிவுசெய்து அனுப்புவது வழக்கம். பேண்டு ஆசிரியை மிஸ் போல்மன் அந்தப் பதிவைப் பெற்றோர் கூட்டத்தில் போட்டுக்காட்டினார். நடுவர் மணிக்கூண்டைப் புகழ்ந்தார், படிக்கட்டைப் புகழ்ந்தார், முள் நகர்கிற அழகைப் புகழ்ந்தார். பிள்ளைகளைப் பற்றி வாயே திறக்கவில்லை. மிஸ் போல்மனின் முகம் சிவந்திருந்தது. வெர்லின் எழுந்து, அந்தப் பதிவில் தனக்கு ஒரு பிரதி கிடைக்குமா என்று கேட்டார்.

இந்த வருஷம் செட்டே கிடையாது, பிள்ளைகளும் புல்லும் மட்டும்தான் என்று மிஸ் போல்மன் அறிவித்தது அதற்குப் பிறகுதான்.

"வெறுங்கை முழம் போடுமா டீச்சரம்மா?" என்று கேட்டார் வெர்லின். "நம்மகிட்ட இருக்கறது கையளவு பிள்ளைங்க. அம்மாம் பெரிய மைதானத்துல அதுங்கள மட்டும் விட்டா, அறுப்பு முடிஞ்ச காட்டுல நாலு காக்கா உக்காந்த மாதிரி இருக்கும்."

"காக்காவா இருந்தாலும் பரவால்லண்ணே. அதுங்களப் பாக்கட்டும்" என்றார் மிஸ் போல்மன்.

வெர்லின் தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டார். "சரி. தூக்கிட்டு வர ஒரு சாமான் இருந்தா கூப்பிடுங்க. இல்லன்னா நான் மைதானத்துல கால் வைக்க மாட்டேன்."

கோடை முழுக்க, அவர் செட்டு கட்டும் கொட்டகை பூட்டியே கிடந்தது. அவர் ஒத்திகைப் பக்கம் தலைகாட்டவில்லை. போட்டியன்று மட்டும் வந்தார். பெரிய வாத்தியங்களை ஏற்றிய டிரெய்லரை ஓட்ட வேறு ஆளில்லை, அதனால்தான் வந்தேன் என்று எங்களில் ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகச் சொன்னார். அன்று தேறினால் மாநில இறுதிப் போட்டி. தேறாவிட்டால் மிஸ் போல்மனின் வெறும் மைதானம்தான் கெடுத்தது என்று ஊரே பேசும். தேறிவிட்டாலோ, வெர்லினுக்கு இனி வேலையில்லை. நான் எதற்கு வேண்டிக்கொள்வது என்றே தெரியாமல் இறகுப் பெட்டியை வைத்துக்கொண்டு பின்வாசலில் நின்றிருந்தேன்.

எங்களுக்கு முன்னால் ஆடியது பக்கத்து மாவட்டப் பள்ளி. வீட்டை விட உயரமான பலகைகள், ஒவ்வொன்றிலும் ஒரு மலைக்காட்சி. வெர்லின் கம்பிவேலி வழியாக, பலகாரக் கடையைப் பார்க்கிறவர் போலப் பார்த்துக்கொண்டிருந்தார். திடீரென்று காற்று கிளம்பியது. நடுப்பலகை ஒன்று பாய் விரித்தாற்போல உப்பி, குழலூதும் பிள்ளைகளின் பக்கம் சாய ஆரம்பித்தது. அவர்களுடைய அப்பாக்கள் மறுகோடியில் இருந்தார்கள். வெர்லின் கையில் நாடாவோடு ஓடினார். பலகையின் முதுகில் தோளைக் கொடுத்து நின்றவர், எதிரிப் பள்ளியின் ஆட்டம் முடியும்வரை நகரவில்லை. முடிந்ததும் அவர்களோடு சேர்ந்து அதை வெளியே தள்ளினார். "முட்டிய மடக்கு, முதுக மடக்காத" என்ற அவருடைய வழக்கமான மந்திரத்தை முன்பின் தெரியாத அப்பாக்கள் எல்லோரும் கேட்டு நடந்தார்கள்.

தன் தொப்பி உள்ளே விழுந்துவிட்டது என்று அதை எடுக்கத் திரும்பி வந்தார். அதற்குள் எங்கள் பிள்ளைகள் இறங்கிவிட்டார்கள். வாசல் சாத்தப்பட்டது. மைதானத்தின் பின்கோட்டின் ஓரத்தில், பிடித்துக்கொள்ள எதுவுமில்லாமல், கடைசி இறகைச் செருகிவிட்டு உள்ளேயே நின்றுவிட்ட என் பக்கத்தில் மாட்டிக்கொண்டார் மனிதர்.

முதலில் பாதி முதுகைக் காட்டிக்கொண்டுதான் நின்றார். பிள்ளைகள் மைதானத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஒற்றைக் கோடாக விரிந்தார்கள். பிறகு ஊதிக்கொண்டே உள்ளே சுருங்கிச் சுருங்கி, நடுவில் ஒரு சின்னக் கூட்டமாகக் குவிந்து, கேலரிக்காரர்கள் முன்னால் சாய்ந்து கேட்கும்படி அத்தனை மெல்ல வாசித்தார்கள். அந்த நேரத்தில் ஒரு தொப்பியிலிருந்து இறகு கழன்று விழுந்தது. மணிக்கூண்டு இருந்த காலத்தில் அதை யார் பார்த்திருப்பார்கள்? அன்று அத்தனை பச்சையில் வெள்ளையாக அது ஒன்றுதான் கிடந்தது. நான் செருகியதாக இருக்கக்கூடாதே என்று வேண்டிக்கொண்டேன். மேளக்காரர்கள் அதை நோக்கிப் பின்னோக்கியே நடந்து வந்தார்கள். வெர்லின் என் முழங்கையைப் பிடித்தார். இரண்டு வரிசைகள் அதன் இரண்டு பக்கமும் கடந்து போயின, ஒரு கால்கூட அதன்மேல் படவில்லை. அவர் என் முழங்கையை விடவில்லை.

அதன் பிறகு மொத்த பேண்டும் ஒரே சமயத்தில் எங்கள் பக்கம் திரும்பியது. ஒவ்வொரு வருஷமும் இப்படித் திரும்பும் இடம் உண்டுதான். ஆனால் இத்தனை வருஷமும் வெர்லின் நின்றது பலகைக்குப் பின்னால். அவர் பார்த்ததெல்லாம் தான் அறைந்த ஆணிகள் மட்டுமே.

"எல்லாத்துக்கும் மூஞ்சி இருக்கு பாரேன்" என்றார் மெதுவாக. மூக்கை உறிஞ்சினார். காற்று அதிகம் என்றார்.

ஆட்டம் முடிந்து கேலரி எழுந்து நின்று தட்டியது. பிள்ளைகள் பக்கவாட்டில் வெளியேறினார்கள். மைதானத்தைக் காலி செய்யும்படி ஒலிபெருக்கி வழக்கம்போலச் சொன்னது. வழக்கம்போல வெர்லின் நடந்தார். நடு மைதானத்துக்குப் போய்ச் சுற்றுமுற்றும் பார்த்த பிறகுதான் காலி செய்ய எதுவுமில்லை என்பது அவருக்கு உறைத்தது போலும். கேலரி முழுக்க அவரையே பார்த்துக்கொண்டிருந்தது. மிஸ் போல்மன் ஓடி வந்து பின்வாசலைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார்.

வெர்லின் முட்டியை மடக்கினார், முதுகை மடக்கவில்லை. அந்த இறகை இரண்டு கைகளாலும் எடுத்தார். ஏந்தியபடி வாசல்வரை நடந்து வந்தவர், அங்கே நின்று இடது தூணைப் பார்த்தார், வலது தூணைப் பார்த்தார், தலையை உயர்த்தி மேலே பார்த்தார். பிறகு, எங்கும் இடித்துவிடாதபடி இறகை ஒரு பக்கமாகச் சாய்த்து, பக்குவமாக வெளியே கொண்டுவந்தார்.