மைனஸ் விழாத ஆட்டம்

என் கணவர் துபாயிலிருந்து விடுமுறைக்கு வந்தால், பெட்டியைப் பிரிப்பதற்கு முன்பே மகள் கேரம் போர்டை நடுவீட்டில் கொண்டுவந்து போட்டுவிடுவாள். நாலாம் வகுப்பு படிக்கிறாள். அத்தாவும் மகளும் உட்கார்ந்துவிட்டால் சோறு ஆறி அவலாய்ப் போனாலும் எழுந்திருக்க மாட்டார்கள். ஆட்டம் எப்போதும் ஒரே மாதிரிதான் முடியும். அவருக்கு ஒரே ஒரு காய் மிச்சமிருக்கும்போது ஸ்ட்ரைக்கர் எப்படியோ குழிக்குள் போய் விழும். "அய்யய்யோ, மைனஸ்!" என்று தலையில் கைவைப்பார். அவர் போட்ட காய் ஒன்று திரும்ப நடுவுக்கு வரும். பிறகென்ன, இவள் ஜெயித்துவிட்டுச் எங்கள் செக்காலைத் தெரு முழுக்கக் கேட்கிற மாதிரி கத்துவாள்.

இதற்காக நான் சண்டை போடாத நாளில்லை. "இப்புடி வேணும்னே தோத்துக் குடுத்தீகன்னா, நாளைக்கி அவ எங்குட்டுப் போயி நிப்பா?" என்பேன்.

"நான் இருக்குறதே ஒரு மாசம். அதுலயும் பிள்ளய அழவச்சுட்டுப் போகவா?" என்பார்.

மாசம் முடிந்ததும் அவர் விமானம் ஏறிவிடுவார். செல்லம் அவருக்கு, கெட்ட பெயர் எனக்கு. அவர் போனபிறகு நான் அவளோடு விளையாடினால் ஒரு காய்கூட விட்டுக்கொடுக்க மாட்டேன். தோற்கப் பழகட்டும், எங்கே தப்பு விட்டோம் என்று யோசிக்கட்டும் என்று நினைப்பு. பாதி ஆட்டத்திலேயே காய்களைக் கலைத்துவிட்டு, "ஒனக்கு வெளையாடவே தெரியலம்மா" என்று எழுந்து போய்விடுவாள். ஜெயித்தவளுக்கு விளையாடத் தெரியவில்லையாம்! இந்த நியாயம் எந்த ஊரில் உண்டு?

கொஞ்ச நாளைக்கு முன்னால் காளையார்கோவிலில் ஒரு பள்ளிக்கூடத்தில் கேரம் போட்டி வைத்தார்கள். இவள் பெயர் கொடுத்திருந்தாள். "எம் மகள ஜெயிக்க இனிமேதான் ஆளு பொறந்து வரணும்" என்றார் அவர் போனில். காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு.

முதல் சுற்றில் எதிரே உட்கார்ந்தவள் இவளைவிடச் சின்னப் பெண். எண்ணெய் வழியும் ரெட்டைச் சடை. கடகடவென்று காய்களைப் போட்டுக்கொண்டே போனாள். என் மகளோ கலங்கவே இல்லை, சிரித்த முகமாகத்தான் இருந்தாள். அந்தப் பெண் கடைசிக் காய்க்குக் குறிபார்த்தபோது இவள் குழியையே பார்த்துக்கொண்டிருந்தாள். காய் விழுந்தது. ஸ்ட்ரைக்கர் விழவில்லை. எல்லாரும் கைதட்டினார்கள். இவள் மட்டும் எழுந்திருக்காமல், குழிக்குக் கீழே தொங்கிய வலைக்குள் கையை விட்டு ஸ்ட்ரைக்கரைத் தேடினாள். யாரோ சிரித்தார்கள்.

"யானைக்கும் அடி சறுக்கும், வா கண்ணு" என்று அங்கிருந்த ஒரு டீச்சர்தான் அவளை எழுப்பிவிட்டார்.

திரும்பி வரும் பஸ் கல்லல் ஊரைத் தாண்டியது. அப்போதுதான் அவள் கேட்டாள்: "ஏம்மா அந்தப் பிள்ளைக்கு மைனஸே விழல?"

"நல்லா வெளையாடுறவுகளுக்கு அவ்வளவா விழாது" என்றேன்.

"அப்ப அத்தாவுக்கு வெளையாடத் தெரியாதா?"

இத்தனை காலமாக அந்த உண்மையை உடைத்துச் சொல்லத் துடித்தவள்தான் நான். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அதுவே அவளுக்குப் போதுமானதாக இருந்தது.

"அப்ப நா ஒரு தடவகூட ஜெயிச்சதில்லையா?"

"அப்புடியெல்லாம் இல்லடா தங்கம்" என்றேன்.

சாயங்காலம் அவர் வீடியோவில் வந்தார். வேலை முடிந்து வந்து உடுப்புக்கூட மாற்றியிருக்கவில்லை. தோற்றதை அவள் வாயாலேயே கேட்கட்டும், இனிமேலாவது இரண்டு பேரும் திருந்தட்டும் என்று போனை அவள் கையிலேயே கொடுத்தேன்.

"ஜெயிச்சுட்டேன் அத்தா" என்றாள். குரலில் ஒரு நடுக்கம் இல்லை.

"மாஷா அல்லாஹ்!" என்று அவர் போட்ட சத்தத்தில் அறையிலிருந்த மற்றவர்களும் வந்து எட்டிப்பார்த்தார்கள். ஒவ்வொருவருக்கும் மகளைக் காட்டினார். இவளும் ஒவ்வொருவருக்கும் சிரித்தாள்.

போனை வைத்ததும், "எதுக்குடி பொய் சொன்ன?" என்று பிடித்துக்கொண்டேன்.

"பாவம்மா. அங்க தனியா இருக்காக. நா தோத்துட்டேன்னா அழுவாக. நீயும் சொல்லிறாத."

அவளாவது அழுதிருந்தால் மடியில் போட்டுத் தேற்றியிருப்பேன். தோற்றவள் நாளைக்கு ஜெயிப்பாள் என்று ஏதாவது சொல்லியிருப்பேன். அவள் பாட்டுக்குப் பையைத் திறந்து வீட்டுப்பாடம் எழுத உட்கார்ந்துவிட்டாள். நான் கத்திக் கத்திச் சொல்லிக்கொடுத்தது ஒன்றும் அவளுக்கு ஏறவில்லை. அவர் சொல்லாமலே சொல்லிக்கொடுத்தது மட்டும் அப்படியே ஏறியிருக்கிறது.

இப்போதெல்லாம் அவள் எந்தப் போட்டிக்கும் பெயர் கொடுப்பதில்லை. பேச்சுப்போட்டி, ஓட்டப்பந்தயம், எது வந்தாலும் வேண்டாம் என்கிறாள். ஆனால் வெள்ளிக்கிழமைதோறும் அவர் போனில் கேட்கும்போது எதிலாவது ஜெயித்துக்கொண்டேதான் இருக்கிறாள். பக்கத்தில் உட்கார்ந்து நானும் ஆமாம் போடுகிறேன்.