இட்லிக்கு விற்ற மகள்

இன்று வடலூர் பஸ்ஸில், என் மகளை விலைக்கு வாங்கிய அம்மாவைப் பார்த்தேன். எனக்கு பஸ் போர்டு படிக்க வராது. பார்த்த முகம் மறக்காது.

எண்பதுகளில் நெய்வேலி மைன்ஸில் எனக்கு ஷிஃப்ட் வேலை. பிறந்த குழந்தைக்கு மூச்சுத் திணறல். ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துக் குழாய் மாட்டியிருந்தார்கள். என்னைத் தொட விடவில்லை.

"இன்னைக்குத் தாண்டட்டும், பாப்போம்" என்றார் டாக்டர்.

சாகக் கிடக்கும் குழந்தையை, பிள்ளைகள் நிலைத்த ஒருத்தி தவிடு கொடுத்து வாங்கினால் எமன் விட்டுவிடுவான். எங்கள் பக்கத்து வழக்கம். வார்டு நர்ஸம்மாவுக்கு மூன்று பிள்ளைகள்.

"எம்பொண்ண நீங்க வாங்கிக்கணுங்க."

"வாங்கி?"

"எங்கிட்டயே வுட்டுடுங்க, நான் வளத்துக்கினு இருக்கேன். தவிடு குடுத்தா போதுங்க."

"தவிட்டுக்கு எங்கப்பா போவேன்?" டிபன் டப்பாவைத் திறந்தார். "இட்லி ஆகுமா?"

யோசித்தேன். இட்லியும் அரிசிதான்.

"ஆகுங்க."

"அப்ப எம்முன்னாடியே சாப்பிடு. இல்லன்னா யாவாரம் செல்லாது."

குழந்தையைச் சேர்த்ததிலிருந்து நான் எதுவும் தின்றிருக்கவில்லை. நின்றபடியே தின்றேன். சட்னியும் அந்த விலையில் சேர்த்தி.

இன்று பக்கத்தில் இருந்த மகளைக் காட்டி, "நீங்க வாங்கனதுங்க" என்றேன்.

அந்தம்மா அவள் முதுகில் கைவைத்து, "மூச்சு நல்லா வுடுறியாடி?" என்றார். மகளுக்கு நாற்பது தாண்டிவிட்டது.

"வா, வூட்டுக்குப் போலாம்" என்றார் அந்தம்மா.

மகள் பையை என் மடியில் வைத்துவிட்டு அவரோடு இறங்கிவிட்டாள்.

கண்டக்டர் பதறினார். "பெரியவரே, ஒங்க பொண்ணு எறங்கிடுச்சி!"

"அது அவங்க பொண்ணுங்க" என்றேன்.

உங்களில் யார் யார் எதற்கு விலை போனீர்கள்? பதில் போடுங்கள், இதை எழுதித் தந்த மருமகளே படித்துக் காட்டுவாள்.